பதில் அதிபருக்குப் பதில் சொல்வது யார்?

பாடசாலை வெற்றிடங்கள் பற்றிய செய்தி வராத வாரமே இல்லை. இந்த வலயத்தில் இத்தனை அதிபர்கள் இல்லை, அந்தக் கோட்டத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லை என்று அறிக்கைகள் வருகின்றன. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கேள்வி எழுகிறது, அதிகாரிகள் "நடவடிக்கை எடுக்கிறோம்" என்கிறார்கள். இவற்றில் ஒரு விடயம் மட்டும் பேசப்படுவதில்லை. அதிபர் இல்லாத பாடசாலையும் காலை 7.30க்கு மணி அடித்துத்தான் திறக்கிறது. வரவுப் பதிவேடு பார்க்கப்படுகிறது, மதிய உணவுக் கணக்கு எழுதப்படுகிறது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்கள் உரிய திகதிக்குப் போய்ச் சேருகின்றன. அப்படியென்றால் அந்த வேலையை யாரோ ஒருவர் செய்கிறார். அவர் யார், எந்தக் கடிதத்தின் பேரில் செய்கிறார், அதற்காக அவருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

வெற்றிடங்கள் இவ்வளவு பெருகியது தற்செயலாக நடந்ததல்ல. 2022இன் தொடக்கத்தில் அரச ஊழியர்களின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் பொருளாதாரம் சரிந்தபோது அது 60க்குக் குறைக்கப்பட்டு, 60ஐத் தாண்டியிருந்தவர்கள் அனைவரும் 2022 டிசம்பர் 31உடன் வீட்டுக்குப் போனார்கள். அனுபவமுள்ள அதிபர்களும் கல்விப் பணிப்பாளர்களும் ஒரே நாளில் கதிரைகளை விட்டு எழுந்தார்கள். அதற்கு முன்பே 2022 ஜூனில் வந்த 14/2022ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி, சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்ல வழி திறந்துவிடப்பட்டிருந்தது. டொலர் நெருக்கடியில் அது விளங்கக்கூடிய முடிவுதான். ஆனால் விடுமுறையில் போனவரின் பதவி வெற்றிடமாகக் கணக்கில் வராது, அவருடைய வகுப்பில் ஆளும் இருக்காது. மறுபக்கம் புதிய ஆட்சேர்ப்புக்குத் திறைசேரி கடிவாளம் போட்டது. 2023இன் இறுதியில் அதிபர் சேவையின் மூன்றாம் தரத்துக்குப் பெருந்தொகையானோர் நியமிக்கப்பட்டது உண்மை. அவர்களில் பலர் நகரத்துக்கும் சொந்த ஊருக்கும் கிட்டிய பாடசாலைகளையே நாடியதால், தூரத்துப் பாடசாலைகளின் நிலை பெரிதாக மாறவில்லை.

எங்கள் பாடசாலைகளில் இந்தச் சுமை கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. கிழக்கின் கரையோர வலயங்களில் ஆசிரியர்கள் நெருக்கமாக இருப்பார்கள். மூதூரின் உட்புறக் கிராமங்களிலும் முசலியிலும் புத்தளத்தின் ஒதுக்குப்புறங்களிலும் மலையகத் தோட்டங்களை அண்டிய சிறிய முஸ்லிம் பாடசாலைகளிலும் மூன்று பேர் ஏழு பேரின் வேலையைச் செய்வார்கள். அந்த மூவரில் மூத்தவரிடம் ஒருநாள் சாவிக்கொத்து கொடுக்கப்படும். "மிஸ், புது அதிபர் வாற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க." கொஞ்சம் என்பது ஒரு தவணையாகும். பிறகு ஒரு வருடமாகும்.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, "பார்த்துக்கொள்வது" என்பதற்கு அரச நிர்வாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு என்பதை. தாபன விதிக்கோவையின் 2ஆம் அத்தியாயம் நியமனங்களைப் பற்றியது, 7ஆம் அத்தியாயம் சம்பளம் பற்றியது. ஒரு பதவியில் ஒருவரைப் பதிலாக நியமிப்பது ஒரு வகை. அந்தப் பதவியின் கடமைகளைக் கவனிக்கும்படி பணிப்பது இன்னொரு வகை. கோவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. யார் நியமிக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. அந்தப் பதவிக்கு நியமனம் வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்தே பதில் நியமனமும் வர வேண்டும். வலயத்திலிருந்து வரும் அரைப்பக்கக் கடிதமோ, தொலைபேசியில் வரும் வாய்மொழி உத்தரவோ, முன்னாள் அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகும் இரண்டு வரியோ அந்த நியமனம் ஆகாது.

எங்கள் ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு வருடம் ஒரு பாடசாலையை நடத்திவிட்டுக் கொடுப்பனவு கேட்டுப் போவார்கள். கணக்குக் கிளையில் இருப்பவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "மிஸ், இதுல 'கடமைகளைக் கவனிக்கவும்' என்டுதானே இருக்கு. 'பதில் அதிபராக நியமிக்கப்படுகிறீர்' என்டு இல்லையே." அவர் கெட்டவர் அல்ல. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் ரூபா ஒன்றைக்கூட விடுவிக்க முடியாது. விடுவித்தால் அடுத்த கணக்காய்வில் அவரே பதில் சொல்ல வேண்டி வரும். பின்திகதியிட்டு நியமனக் கடிதம் எடுத்துத் தருவதாகச் சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது இலேசில் நடக்காது, நடந்தாலும் அலைச்சல் கொஞ்சமல்ல.

இன்னொரு சிக்கல் சேவை பற்றியது. இலங்கை ஆசிரியர் சேவை 1994இல் தனியொரு சேவையாக அமைக்கப்பட்டது. அதிபர் சேவை வேறு. ஆசிரியர் சேவையில் இருப்பவர் அதிபர் கதிரையில் அமர்ந்தால், அவர் அடுத்த சேவையின் பதவியைப் பார்ப்பவராகிறார். அந்தப் பதவிக்குரிய தகைமை அவரிடம் இருக்கிறதா என்ற கேள்வி உடனே எழும். "கடமை நிறைவேற்று அதிபர்" என்ற பெயர் பிறந்தது இந்த இடைவெளியில்தான். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரில் பல வருடங்கள் கடமையாற்றி, தங்களை அதிபர் சேவைக்குள் உள்வாங்கும்படி போராடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேவைக்குள் எடுப்பதற்குத் தகைமை போதாது, ஆனால் பாடசாலையை நடத்துவதற்குத் தகைமை போதும். இந்த முரண்பாட்டை எந்த அமைச்சரும் இதுவரை நேராக விளக்கியதாக எனக்கு நினைவில்லை.

எல்லா மேலதிக வேலைக்கும் காசு கேட்க முடியுமா என்றால், முடியாது. லீவில் நிற்கும் ஆசிரியரின் வகுப்புக்குப் பதில் பாடவேளை போவது எங்கள் கடமையின் பகுதி, அதற்குக் கணக்குப் பார்ப்பது அழகல்ல. பகுதித் தலைவர் என்பதும் பெரும்பாலான இடங்களில் பாடசாலைக்குள் பகிரப்படும் ஒரு பொறுப்பு. அதற்கென்று அனுமதிக்கப்பட்ட ஆளணியில் தனிப்பதவி இல்லையென்றால், பதில் கடமைக் கொடுப்பனவு என்ற பேச்சுக்கே இடமில்லை. முகாமைத்துவ உதவியாளர் இல்லாத பாடசாலையில் சம்பளப் பட்டியலையும் கடிதங்களையும் தட்டச்சு செய்யும் இளம் ஆசிரியரின் நிலை இன்னும் மோசம். அந்தப் பதவி ஆளணியில் இருக்கும், ஆனால் அவர் அந்தச் சேவைக்காரர் அல்லர். நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் பார்ப்பவர்கள் கதையும் இதுதான். எனவே கேட்பதற்கு முன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். நான் பார்ப்பது அனுமதிக்கப்பட்ட ஆளணியில் உள்ள பதவியா, அது இப்போது முறையாக வெற்றிடமாக இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பிறகுதான் கொடுப்பனவுக் கோரிக்கைக்குக் கால் முளைக்கும்.

பணம் வராவிட்டாலும் பொறுப்பு மட்டும் தாமதமில்லாமல் வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு ஆசிரியர் கலாசாலையில் பயின்ற ஒரு சகோதரி, மூன்று வருடங்களுக்கு மேலாக ஒரு சிறிய பாடசாலையைப் பார்த்து வருகிறார். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். பொருட்பதிவேட்டைச் சரிபார்க்காமலேயே சாவியை வாங்கியிருந்தார். அப்படி வாங்கும்படிதான் அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு வருடம் கழித்து இரண்டு மடிகணினிகளும் ஒரு புரொஜெக்டரும் இல்லை என்று தெரியவந்தது. நிதிப் பிரமாணம் 104இன் கீழ் இழப்பு பற்றிய விசாரணை தொடங்கியது. விசாரணைக் கடிதத்தில் அவருடைய பதவி எப்படிக் குறிப்பிடப்பட்டிருந்தது தெரியுமா? "பதில் அதிபர்". கொடுப்பனவு கேட்டபோது அவர் உதவி ஆசிரியர், மடிகணினி காணாமற்போனபோது பதில் அதிபர். அந்தக் கடிதத்தையே தன் கோரிக்கைக்கு ஆதாரமாக இணைத்து அனுப்பும்படி நான் அவரிடம் சொன்னேன். அனுப்பினார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

அவருடைய மாதச் செலவை ஒருநாள் இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். வலயக் கூட்டங்களுக்குப் போகவர முச்சக்கர வண்டி, பஸ், ஓர் அவசரக் கடிதத்துக்காக நகரத்துக்குப் போட்டோப்பிரதி எடுக்கப் போவது, மேற்பார்வைக்கு வருபவர்களுக்குச் சாப்பாடு, வட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு வரும் "உடனடித் தகவல்" படிவங்களுக்காக டேட்டா. எல்லாம் அவருடைய சம்பளத்திலிருந்துதான். அதற்கு மேல் வாரத்துக்கு இருபத்தெட்டுப் பாடவேளைகள் அப்படியே இருக்கின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்தால் ஐந்தாம் தரப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் இருப்பார்கள், வகுப்புக்குப் போனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். எனவே இதில் இழப்பது அவர் மட்டுமல்ல.

சம்பளப் போராட்டங்களில் இந்த விடயம் ஏன் முன்னுக்கு வரவில்லை என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. 2021 ஜூலையில் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நடந்த ஆசிரியர், அதிபர் போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை, 1997 முதல் இழுபட்டு வந்த சம்பள முரண்பாடு. அதில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மீதி மூன்றில் இரண்டு பங்குக்காக 2024இல் மீண்டும் கொழும்பில் இறங்கி, கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வாங்கினார்கள். இவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவான கோரிக்கைகள். பதில் கடமை பார்ப்பவர் ஒரு பாடசாலைக்கு ஒருவர்தான். அவருக்காகத் தெருவில் இறங்க யாரும் இருக்க மாட்டார்கள். அவருடைய விடயம் தனிக்கோப்பாகவே நகரும், அல்லது நகராமலேயே கிடக்கும். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரச துறையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பதில் கடமைக் கொடுப்பனவு என்பது பதவிக்குரிய சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுவது. அடிப்படைச் சம்பளம் கூடினால் கொடுக்க வேண்டிய தொகையும் கூடும். கடிதம் கொடுப்பதில் அலுவலகங்கள் இனிமேல் இன்னும் கஞ்சத்தனம் காட்டும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

என்னுடைய கணிப்பில், வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதற்கு இந்த இலவச வேலையும் ஒரு காரணம். ஒரு அதிபர் பதவி வெற்றிடமாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தச் சம்பளம் அரசாங்கத்துக்கு மிச்சம். பாடசாலை மூடப்படுவதுமில்லை, பெற்றோர் வீதிக்கு வருவதுமில்லை. அப்படியிருக்கும்போது அவசரப்பட்டு நிரப்ப வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? பதில் கடமைக்கு ஒழுங்காகக் காசு கொடுக்கப்படுமானால், அந்தச் செலவு மாதாமாதம் கணக்கில் தெரியும். "இந்தப் பாடசாலைக்கு ஏன் முப்பது மாதமாகப் பதில் கொடுப்பனவு போகிறது?" என்று ஒரு கணக்காய்வாளராவது கேட்பார். இப்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை. மாகாண சபைகளும் தேர்தலின்றி ஆளுநர்களின் கீழ் இயங்குகின்றன. கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது 2017இல். மாகாணப் பாடசாலையின் வெற்றிடத்தைப் பற்றி மாகாண சபையில் எழுந்து கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் எத்தனை வருடங்கள் போய்விட்டன!

இதற்கு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பதில் கடமைக்குக் காசும் கொடுத்தால், அந்தக் கதிரையை விட்டு எழ மனமில்லாதவர்கள் பெருகுவார்கள் என்கிறார் ஓய்வுபெற்ற ஒரு கல்விப் பணிப்பாளர். அரசியல்வாதியின் கடிதத்தோடு பதில் அதிபராக வந்து, தகைமையுள்ளவர் நியமனம் பெற்று வந்த பிறகும் சாவியைக் கொடுக்க மறுத்த கதைகள் எங்கள் ஊர்களில் இல்லாமலில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து, பள்ளிவாசல் நிருவாகம் வரை அந்தச் சண்டை போயிருக்கிறது. ஆனால் அவர்களெல்லாம் கொடுப்பனவு இல்லாமலேயே கதிரையைப் பிடித்துக்கொண்டவர்கள். அவர்களை வைத்து உழைப்பவரின் கொடுப்பனவை மறுப்பது பொருந்தாது. பதில் நியமனத்துக்குக் காலவரையறை போட்டு, அந்தக் காலத்துக்குள் பதவியை விளம்பரப்படுத்தி நிரப்பக் கட்டாயப்படுத்தினால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறையும். காலவரையறையில்லாத கடிதம்தான் அரசியல்வாதிக்கு வசதியான கடிதம்.

எங்கள் சமூகத்துக்குள் இன்னொரு வகை மறுப்பு இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் நல்லவர்கள் என்பதால்தான் பதில் சொல்வது கஷ்டம். "சேர், இது ஒரு கித்மத் தானே. எங்கட பிள்ளைகள் தானே. காசைப் பாக்காம செய்ங்க, கூலி அல்லாஹ்கிட்ட இருக்கு" என்பார் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியார். அவர் சொல்வதில் பாதி உண்மை. பிள்ளைகளுக்காகச் செய்வது கித்மத் தான், அதனால்தான் எந்தப் பதில் அதிபரும் சாவியை வீசிவிட்டுப் போகவில்லை. ஆனால் இங்கே வேலை வாங்குவது ஹாஜியார் அல்லர், அரசாங்கம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக்கூடாது என்று ஜும்ஆ மேடையில் நாம் கேட்காத வருடம் இல்லை. அது மேசனுக்கும் கடைச் சிப்பந்திக்கும் மட்டும் சொல்லப்பட்டதல்ல. கித்மத் செய்பவர் தன் உரிமையைக் கேட்டால் அவருடைய நிய்யத்தைச் சந்தேகிப்பது, அதுவும் அவர் பெண்ணாக இருந்தால் "டீச்சருக்குக் காசாசை" என்று பேசுவது, எங்கள் ஊர்களில் சர்வசாதாரணம். மாப்பிள்ளை உழைக்கிறாரே, இவருக்கு எதற்கு என்ற பேச்சும் சேர்ந்து வரும். சம்பளம் வேலைக்குக் கொடுக்கப்படுவது, வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல.

காதிமார்களின் நிலையையும் இங்கே ஒரு வரி சொல்லலாம். ஒரு பிரிவில் காதி இல்லாதபோது பக்கத்துப் பிரிவுக் காதி அதையும் சேர்த்துப் பார்க்கிறார். அவருக்குக் கிடைப்பதே ஒரு சிறு கொடுப்பனவு. நியாயம் கேட்டு வரும் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று குறை சொல்லும் நாம், ஒருவர் தலையில் இரண்டு பிரிவுகள் ஏற்றப்பட்டிருப்பதை யோசிப்பதில்லை.

சில பாடசாலைகளில் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பதில் அதிபருக்கு மாதம் ஒரு தொகையைப் "பெற்றோல் காசு" என்று கொடுக்கிறது. இதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அந்தச் சங்கத்தின் பணம் மீன்பிடிக்கும் வாப்பாவினதும் மத்திய கிழக்கில் வேலைசெய்யும் உம்மாவினதும் பணம். அரசு கொடுக்க வேண்டியதை ஏழைப் பெற்றோரிடம் வாங்கிக் கொடுப்பது அரசுக்குச் செய்யும் உதவியே தவிர பாடசாலைக்குச் செய்யும் உதவியல்ல. நாளை கணக்காய்வில் அகப்படப் போவதும் அதே பதில் அதிபர்தான்.

அப்படியானால் சாவி கையில் வரும் நாளில் என்ன செய்வது? எழுத்தில் கேளுங்கள். "தாங்கள் பணித்தபடி இன்றிலிருந்து கடமைகளைப் பொறுப்பேற்கிறேன். உரிய அதிகாரியின் பதில் நியமனக் கடிதத்தைப் பெற்றுத் தரவும்" என்று வலயத்துக்கு அன்றே ஒரு கடிதம் போகட்டும். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மரியாதையாக எழுதப்பட்ட இரண்டு வரிக் கடிதத்துக்காக யாரையும் தண்டிக்க முடியாது. பொருட்பதிவேட்டைச் சரிபார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். குறைவாக உள்ளவற்றை அதே நாளில் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி, சாட்சிக்கு இன்னொரு ஆசிரியரின் கையெழுத்தையும் வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து எழுதும் பத்துப் பக்க முறைப்பாட்டைவிட முதல் வாரத்தில் எழுதும் இரண்டு வரிகளுக்குப் பலன் அதிகம்.

கொடுப்பனவு மறுக்கப்பட்டால், மறுப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. எல்லோரும் வழக்குக்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாய்மொழி மறுப்புகளை நம்பி அலைந்துகொண்டிருக்கும்போது அந்தத் திகதி கடந்துபோய்விடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைவிட இலகுவான ஒன்றும் இருக்கிறது, அதைத் தொழிற்சங்கக் கிளைகளும் பழைய மாணவர் சங்கங்களும்கூடச் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கலாம். வலயத்தில் அனுமதிக்கப்பட்ட அதிபர், பிரதி அதிபர் பதவிகள் எத்தனை, அவற்றில் வெற்றிடமாக உள்ளவை எத்திகதியிலிருந்து வெற்றிடம், அவற்றைப் பார்ப்பவர்களுக்கு எந்த வகைக் கடிதம் வழங்கப்பட்டிருக்கிறது? தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, காரணம் சொல்ல வேண்டியதுமில்லை. தமிழிலேயே எழுதலாம். பதில் கடமை பார்க்கும் ஆசிரியர் தன் பெயரில் எழுதத் தயங்கினால், ஊரில் உள்ள எந்தப் பிரஜையும் எழுதலாம்.